பல்வித்தில் எழும் கழலைகள்

மனிதன் பிறக்குமுன்னரே அவன் பற்களின் வரலாறு தொடங்கிவிடுகின்றது. கருவின் ஆறாம் வாரமளவில் வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மேலணி இழையம், தாடை வளரும் இடத்தினுள் ஒரு நாடாவைப்போல இறங்குகின்றது. அந்நாடாவிலே அரும்புகள் தோன்றுகின்றன. ஒவ்வோர் அரும்பும் ஒரு பல்லின் வித்தாகும். வித்தின் மேலணிக் கலங்கள் பல்லின் வெண்ணிற மேலோடாகிய மிளிரியை ஆக்கும். அவற்றின்கீழ்த் திரளும் இழையம், மிளிரிக்கு உள்ளேயுள்ள தந்தினியையும் பற்கூழையும் ஆக்கும். இவற்றைச் சூழ்ந்த பை, பல்லைத் தாடையென்புடன் பிணிக்கும் நார்களைத் தரும்.

பணி முடிந்ததும் மேலணிக் கலங்கள் பெரும்பாலும் மறைந்தொழியும். எனினும் சிற்சில எச்சங்கள் முரசினுள்ளும் பல்வேரின் அயலிலும் தங்கிவிடுதல் இயல்பு. வேரயலிலுள்ள எச்சங்களைப் பிரெஞ்சு அறிஞர் மலசே 1885ஆம் ஆண்டில் விளக்கினார். அவை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. ஆயுள் முழுவதும் வாளாவிருக்கும் இத்தகைய பல்லாக்கும் இழையம் மிக அரிதாக மீண்டும் பெருகத் தொடங்குமாயின், தாடையினுள்ளே கழலை பிறக்கும்.

இக்கழலைகளுட் பெரும்பாலானவை கேடிலிக் கழலைகள் எனப்படும். அஃதாவது, புற்றுநோய்போலப் பிற உறுப்புகளுக்குத் தாவிச் செல்லாதவை என்பது பொருள். ஆயினும் கேடிலி என்னும் அடைமொழி தீங்கில்லை என்று உறுதி கூறுவதன்று. இருவகைக் கழலைகளை ஒப்புநோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

முதலாவது ஒடொன்டோமா. பிரெஞ்சு மருத்துவர் போல் புறொக்கா 1867இல் வழங்கிய பெயர் இது. இதில் மிளிரியும் தந்தினியும் உண்டாகின்றன, அமைப்பே பிழைபடுகின்றது. ஒருவகையிற் சின்னஞ்சிறு பற்கள் பல ஒரு பையுள் திரண்டிருக்கும். மற்றையதில் அவை உருவழிந்து ஒரே கட்டியாயிருக்கும். 2019ஆம் ஆண்டிற் சென்னையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து சிறிதும் பெரிதுமாக 526 பற்கள் அகற்றப்பட்டன. கேட்போர்க்கு வியப்பளிப்பினும், இக்கழலை ஓரளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்வது. அகற்றியபின் மீளத் தோன்றுதல் அரிது. உரிய காலத்தில் ஒரு பல் முளையாமையே பலரிடத்தும் இதனைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி.

இரண்டாவது அமெலோபிளாஸ்டோமா. இதன் கலங்கள் மிளிரியை ஆக்குங் கலங்களை ஒத்தவை. ஆனால் மிளிரியை ஆக்குவதில்லை. மலசே இதற்கு மிளிரியின் வன்மையைக் குறிக்கும் பெயரையே இட்டிருந்தார். வன்பொருள் எதுவும் இதில் உண்டாகாமையால், 1930இல் ஐவி, சேர்ச்சில் என்போர் இன்றைய பெயரை வழங்கினர். நூற்றுக்கு எண்பதளவு கீழ்த்தாடையிலே, பெரும்பாலுங் கொடுப்புப்பற்களின் அயலிலே தோன்றுவது இது. நோவின்றி மெல்ல வளர்ந்து, என்பை அரித்து, தாடையை வீங்கச்செய்து, பற்களை அசைக்கும். எக்ஸ்-கதிர்ப் படத்திற் சவர்க்கார நுரைபோன்ற அறைகள் தென்படுவதுண்டு.

இதன் கொடுமை யாதெனின், படத்திற் காணும் எல்லைக்கு அப்பாலும் என்பின் துளைகளூடே கழலையின் கிளைகள் புகுந்திருத்தலாம். ஆதலாற் கழலையைச் சுரண்டி எடுத்தல் மட்டும் போதாது. அவ்வாறு செய்யப்பட்டோரிற் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது மீண்டமையைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சூழவுள்ள நல்ல என்பையும் ஒன்று அல்லது இரண்டு சதமமீற்றர் அளவு சேர்த்து வெட்டுதலே வழக்கமான சத்திரசிகிச்சை. இழந்த தாடையைக் கணைக்காலின் மெல்லிய வெளியென்பைக் கொண்டு ஆக்கும் முறை 1989 முதல் கைவந்துள்ளது. 2014இல் இக்கழலைகள் பலவற்றிலே பரம்பரையலகு ஒன்றின் மாற்றம் கண்டறியப்பட்டதன் பயனாக, அதனைத் தடுக்கும் மருந்துகளாற் சிலரிடம் கழலை சுருங்கியதும் அறியப்பட்டுள்ளது.

ஆகவே, பெயரை மட்டும் கேட்டு அஞ்சுவதும் அலட்சியஞ்செய்வதும் ஒருங்கே தவறாகும். ஒரு சிறு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தாலன்றிக் கழலையின் இயல்பு துணியப்படாது. நோவில்லாத வீக்கம், காரணமின்றி அசையும் பல், முளைக்கத் தவறிய பல் என்பன கண்டவிடத்து நோவு வரும்வரை காத்திருத்தல் பேதைமை. கழலை சிறிதாயிருக்கும்போது அறியப்படின் இழப்புஞ் சிறிதாகும். காலந்தாழ்த்தின் தாடையின் ஒரு பகுதியையே இழக்க நேரிடும்.