குழுவின் கணக்குப் புத்தகமே ஜாமீன்

நாற்று நடுவது, களை பறிப்பது, பால் கறப்பது, ஆடு மேய்ப்பது எல்லாம் பெண்கள். பட்டா மட்டும் பெரும்பாலும் ஆண் பெயரில். கறவை மாடு வாங்கவோ, மாவு மில் வைக்கவோ ஒரு பெண் தனியே வங்கிப் படி ஏறினால், "ஈடாக என்ன இருக்கிறது?" என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. பிறகு காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. தோடும் இல்லாதவர் வட்டிக்காரரிடம் போகிறார்.

இந்தத் தடையைத் தாண்ட வந்தவைதான் மகளிர் சுய உதவிக் குழுக்கள். தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இவற்றைத் தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் சோதனைத் திட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தது. இன்று குழுக் கடன் ரூ.10 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைப்பதோ, கடனுக்காகத் தனியே டெபாசிட் போடச் சொல்வதோ கூடாது.

சொத்து இல்லாத இடத்தில் வங்கி எதை நம்பிப் பணம் கொடுக்கிறது? குழுவின் புத்தகங்களை நம்பித்தான். ஒழுங்காகக் கூடுதல், ஒழுங்காகச் சேமித்தல், உள்கடன் கொடுத்தல், தவணை தவறாமல் திருப்புதல், கணக்கு எழுதுதல் ஆகிய ஐந்தும் குழுவுக்கு அடிப்படை. முதல் நான்கையும் நன்றாகச் செய்கிற குழுக்கள்கூட ஐந்தாவதில் இடறுகின்றன.

மேலாளர் எதைப் பார்க்கிறார்?

தீர்மானப் புத்தகத்தில் வருகைக் கையெழுத்து, ரொக்கப் புத்தகத்தில் கையிருப்பு, பேரேட்டில் ஒவ்வொருவரின் சேமிப்பும் கடனும், உறுப்பினர் பாஸ்புத்தகத்தில் அதே தொகை. இவை நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஆறு மாதக் கூட்டத்தையும் ஒரே நாளில், ஒரே பேனாவால் எழுதிக் கொண்டுபோகும் குழுக்களும் உண்டு. அனுபவமுள்ள மேலாளர் மையைப் பார்த்தே கண்டுகொள்வார். சேமிப்பு முழுவதையும் வங்கியில் போட்டு வைத்து, உள்கடனே கொடுக்காத குழுவுக்கும் மதிப்பெண் குறையும். பணம் குழுவுக்குள் சுற்றி, வட்டியோடு திரும்பி வந்திருக்க வேண்டும்.

குழு ஆறு மாதம் நடந்திருந்தால் கடன் கேட்கலாம். இந்த ஆறு மாதம் வங்கிக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அல்ல, குழுவின் புத்தகப்படி எண்ணப்படுகிறது. கணக்குத் தொடங்கத் தாமதமான குழுக்கள் இதை எடுத்துச் சொல்லிக் கேட்கலாம்.

அடிக்கடி எழும் சிக்கல் இன்னொன்று. "உங்கள் வீட்டுக்காரர் பயிர்க்கடன் பாக்கி வைத்திருக்கிறார்" என்று சொல்லிக் குழுவின் மனுவையே திருப்பி அனுப்புவது முறையல்ல. குழு பாக்கிதாரராக இல்லாத வரை, உறுப்பினர் சிலரோ அவர் குடும்பத்தாரோ வைத்த பாக்கி சாதாரணமாகக் குழுக் கடனுக்குத் தடையாகக் கூடாது. ஆனால் அந்த வங்கிக்குத் தாமே பாக்கி வைத்திருக்கும் உறுப்பினருக்கு இந்தக் கடனிலிருந்து பங்கு கிடையாது.

எவ்வளவு கிடைக்கும்?

கிராமப்புற வாழ்வாதார இயக்கத்தைச் சேர்ந்த குழுவுக்கு முதல் கடன், குழு நிதியைப் போல் ஆறு மடங்கு அல்லது ரூ.1.5 லட்சம், இவற்றில் எது அதிகமோ அது. 12 பெண்கள் மாதம் ரூ.200 வீதம் ஆறு மாதம் சேமித்தால் ரூ.14,400, இதன் ஆறு மடங்கு ரூ.86,400. ஆகவே ரூ.1.5 லட்சம் கேட்கலாம். வந்த தொகையை ஆளுக்குச் சமமாகப் பங்கு போடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இது கெட்ட வழக்கம். மாடு வாங்குபவருக்கு ரூ.12,500 காணாது, தேவையில்லாதவருக்கு அதுவே வீண் சுமை. யாருக்கு எதற்கு எவ்வளவு என்று கூட்டத்தில் பேசி, கடன் திட்டமாக எழுதி மனுவுடன் வைப்பது நல்லது.

தவணையும் தொழிலுக்கு ஒத்து வர வேண்டும். பால் மாடு என்றால் பால் பணம் வரும்போது கட்டலாம். வெள்ளாடு அப்படியல்ல. சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி விற்பனைக்கு வளர அதற்கு மேலும் பல மாதம். வாராவாரம் வீடு தேடி வசூலிக்கும் நிறுவனக் கடனில் ஆடு வாங்கினால், அடுத்த வாரத் தவணைக்குக் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும். கடைசியில் ஆட்டையே விற்றுக் கட்ட நேரிடும்.

வட்டி விகிதத்தை மட்டும் கேட்டு ஏமாறக் கூடாது. ரூ.50,000-ஐ 12 மாதத் தவணையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டியை முழுத் தொகைக்கும் கடைசி வரை போட்டால் வட்டி ரூ.6,000. கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் போட்டால் ஏறத்தாழ ரூ.3,300. சொல்லுகிற விகிதம் ஒன்றுதான். கையை விட்டுப் போவது இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. கையெழுத்துப் போடுமுன் "குறையும் பாக்கிக்கா வட்டி?" என்று கேட்டுவிட வேண்டும்.

நிலமே இல்லாமல் குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிரிடும் பெண்களுக்குக் கூட்டுப் பொறுப்புக் குழு என்ற வழியும் உண்டு. ஒரே ஊரில் 4 முதல் 10 பேர், ஒரு குடும்பத்துக்கு ஒருவராகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க வேண்டும். இதற்குச் சேமிப்புக் கட்டாயமில்லை. ஒருவர் தவறினால் மற்றவர் கட்ட வேண்டியிருப்பதால், சேரும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது.

குழு அமைக்கவும் கணக்கு எழுதப் பயிற்சி பெறவும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பையோ, மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தையோ அணுகலாம். கடன் மனுவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.