மீண்டும் மாணாக்கராகும் ஆசிரியர்

நம் நண்பர் ஒருவர் திருகோணமலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருபவர். வீட்டிற் பிள்ளைகளின் ஆரவாரம் மிகுதி. ஆதலின் மாலை வேளைகளில் கைத்தொலைபேசியும் குறிப்புப் புத்தகமுமாக உட்துறைமுக வீதிக்கு வந்து, கடலைப் பார்த்தபடி அமர்ந்து படிக்கிறார். கற்பித்தலில் தொழினுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றிய இணையவழிப் பயிற்சி அது. தோணி கட்ட வந்த பெரியவர் ஒருவர் அவரிடம் கேட்டாராம்: “என்ன மாஸ்டர், படிப்பிக்கிற ஆளுக்கே சோதினையா?”

நண்பர் சிரித்தார். ஆனால் அக்கேள்வி சிரித்து விட்டுவிடக் கூடியதன்று.

அமெரிக்காவின் சில மாநிலங்களிலே, அனுபவம் மிக்க ஆசிரியர் இத்துறையில் மேலும் பயின்று அதற்கெனத் தனி அனுமதிப்பத்திரம் பெறலாம். பணியை விடாது, வீட்டிலிருந்தே இணையவழியாகப் படிக்கவும் வழியுண்டு. நம் நாட்டில் டிப்ளோமாவும் சான்றிதழுமே அந்த இடத்தை நிரப்புகின்றன. 1980 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தொலைக்கல்வி முறையில் தமிழிலும் வழங்கிவருவது நமக்கு ஓர் ஆறுதல்.

இருந்த இடத்திலிருந்தே படிப்பது இன்று தோன்றிய புதுமையென்று எண்ணுவோர் சுவாமி விபுலாநந்தரை நினைத்தல் வேண்டும். இவ்வூர் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கியவர் அவர். துறவு பூணுமுன், மயில்வாகனனாராய் இருந்த காலத்தில், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலே தேறினார். பின்னர் ஆசிரியப் பணியில் இருந்தவாறே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். கடல் கடந்து செல்லாமலே பட்டம் பெறும் வாய்ப்பை அப்பல்கலைக்கழகம் 1858 இலேயே திறந்து வைத்திருந்தது. அன்று தபாற் கப்பல் வரும்வரை காத்திருந்தனர். இன்று ‘சிக்னல்’ வரும்வரை காத்திருக்கிறோம்!

இத்தகைய பயிற்சியிற் கற்பது யாது? பொத்தான்களை அழுத்தும் வித்தையே என்று நாமும் முதலில் எண்ணினோம். அது பாடத்தின் சிறுபகுதியே. யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட ஆசிரியர் தகைமைச் சட்டகம் பதினெட்டுத் திறன்களைக் கூறுகிறது. அவை அறிவைப் பெறல், ஆழமாக்கல், ஆக்கல் என மூன்று படிகளில் அமைந்தவை. கருவியை இயக்குதல் அவற்றுள் ஒரு கூறு மட்டுமே. கலைத்திட்டம், மதிப்பீடு, கற்பிக்கும் முறை என்பனவும் உடன் நிற்கின்றன.

நண்பருக்குக் கிடைத்த முதல் ஒப்படை, தம் பாடவேளை ஒன்றை நிமிடம் நிமிடமாகப் பிரித்து எழுதுவது. நாற்பது நிமிடத்தில் பதினெட்டு நிமிடம் கரும்பலகையில் எழுதுவதிலும், அதை மாணவர் பார்த்தெழுதுவதிலும் கழிந்திருந்தது. அக்குறிப்பை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அந்தப் பதினெட்டு நிமிடமும், பிழைவிட்ட பிள்ளையின் அருகில் நிற்க உதவும். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் காட்டாததை ஒரு துண்டுக் கடதாசி காட்டியதென்று அவர் சொன்னபோது, நம் பாடவேளையை நினைத்து நாமும் சற்றே வெட்கினோம்.

வெட்கத்திற்கு வேறு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாம் செய்தது என்ன? குறிப்பைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அனுப்பியதும் கற்பித்துவிட்டோம் என்று நம்பினோம். அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர், விளங்கியவர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க நமக்குத் தெரியவில்லை.

இடையூறுகள் பல. சில சிரிப்பூட்டுவன. ஆண்டுக்கணக்காகப் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்த வினாத்தாள்களை நண்பர் கற்றல் தளத்தில் ஏற்றினார். மறுநாள் திறந்தால், தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாயும் அரைப்புள்ளிகளாயும் நின்றது! பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவைப் பொருத்திக் காட்டுவது. அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். யுனிகோடோ தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்களை ஒதுக்கித் தருவது. பழைய வினாத்தாள்களை அதற்கு மாற்ற அவருக்கு இரண்டு வார இறுதிகள் சென்றன.

அந்தத் தளத்தின் பெயர் மூடில். திறந்த பல்கலைக்கழகமும் இதனையே பயன்படுத்துகிறது. 2002 இல் இதை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், அவுஸ்திரேலியப் பாலைநிலத்தின் ஒதுக்குப்புறத்தில் வளர்ந்தவர். சிறுவயதிற் பாடசாலையே அண்மையில் இல்லாமையால், சிற்றலை வானொலி வழியாகப் பாடங் கேட்டவர். தூரத்துப் பிள்ளையின் இடரைத் தாமே அனுபவித்தவர் ஆக்கிய கருவி என்பதனால் நமக்கு அதன்மேல் தனிப் பரிவு.

ஆயினும் எந்தத் தளமும் தொலைபேசியில்லாத வீட்டுக்குள் நுழையாது. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளை நினைத்தே நாம் இதைச் சொல்கிறோம். சான்றிதழ் பெற்ற ஆசிரியர் இதை மறந்தாராயின், பெற்ற சான்றிதழ் சுவரில் தொங்கும். பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்கும்.

நண்பரின் இறுதி ஒப்படை இப்போது நடக்கிறது. அவர் வகுப்பில் ஒரு மாணவி. வீட்டில் ஒரே தொலைபேசி. அது தாயாருடன் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கே திரும்பும். அந்தப் பிள்ளைக்காக, காணொளி இல்லாமல், ஐந்து நிமிடக் குரற்பதிவும் ஒரு பக்கத் தாளுமாக முக்கோணிகளின் ஒருங்கிசைவைக் கற்பிக்கும் பாடம் ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று உட்துறைமுக வீதியிற் பதிவுசெய்ய முயன்றபோது காற்றின் இரைச்சல் குரலை விழுங்கிவிட்டதாம். இன்றிரவு, பிள்ளைகள் உறங்கியபின், சமையலறையிலிருந்து மீண்டும் முயலப்போகிறார்.