முத்திரைகளிற் காணும் பொட்சுவானா

முத்திரை சேர்க்கும் சிறுவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்வதுண்டு. அழகிய படமுள்ள முத்திரைகளை ஏட்டில் ஒட்டிக்கொள்வர். படத்தின்மேற் கறுப்பெழுத்து அச்சிடப்பட்டிருந்தால், அது பழுதுபட்டதென்று எறிந்துவிடுவர். ஒரு நாட்டின் வரலாறு சில வேளைகளில் அவ்வாறு எறியப்படும் முத்திரைகளிலேயே தெளிவாகத் தங்கியிருக்கும். இதற்குத் தக்க சான்று, தென்னாபிரிக்காவுக்கு வடக்கே, கலகாரி வறள்நிலத்தைத் தன் பெரும்பகுதியாகக் கொண்ட பொட்சுவானா ஆகும்.

1885 முதல் 1966 வரை இந்நாடு பெச்சுவானாலாந்து என்ற பெயரோடு பிரித்தானியரின் பாதுகாப்பில் இருந்தது. அதன் நிருவாகத் தலைமையிடந்தானும் நாட்டின் எல்லைக்குள் இருக்கவில்லை. தென்னாபிரிக்காவைச் சேர்ந்த மாபெக்கிங் நகரில் இருந்தது. 1932இல் வெளிவந்த முத்திரைகளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையுருவோடு, பெருக்கமரமும் நீரருந்தும் மாடுகளும் வரையப்பட்டிருந்தன. பெருக்கமரம் மன்னார்ப் பகுதியினர் நன்கறிந்த மரமே. மன்னர் மாறினார், பின்னர் அரசியாரும் வந்தார், ஆயினும் மரமும் மாடும் மாறவில்லை. அந்நாட்டின் செல்வம் மாடே என்பதை முத்திரை பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தது.

1961இல் தென்னாபிரிக்கா தனது நாணயத்தை ராண்ட், சதம் என மாற்றியது. அந்நாணயத்தையே வழங்கிவந்த பெச்சுவானாலாந்தும் உடன் மாறவேண்டியதாயிற்று. பழைய முத்திரைகளில் பென்ஸ், ஷில்லிங் கணக்கின்மேற் புதிய விலைகள் அச்சிடப்பட்டன. அயல்நாட்டுப் பணத்தைச் சார்ந்து வாழ்ந்த ஒரு நாட்டின் நிலையை அந்தச் சிறு கறுப்பெழுத்து காட்டுகின்றது.

அதே ஆண்டிற் பதினான்கு முத்திரைகள் கொண்ட புதிய தொடர் வெளிவந்தது. முதல் எட்டிலும் பறவைகள்: மாங்குயில், கொண்டலாத்தி, தேன்சிட்டு, மீன்கொத்தி முதலியன. உயர்ந்த விலைகளில், தானியம் இடிக்கும் பெண்ணும், எருதும், சிங்கமும், ஒட்டகத்தின்மேற் சுற்றுக்காவல் செல்லும் பொலீசாரும் இடம்பெற்றனர். எனினும், அந்நாட்டு ஆடவருட் பலர் அக்காலத்திற் செய்த தொழில் இப்பதினான்கில் எங்கும் இல்லை. அவர்கள் எல்லை கடந்து சென்று, தென்னாபிரிக்கச் சுரங்கங்களிற் கூலிக்கு உழைத்தனர். முத்திரை காட்டுவதைப் பார்ப்பதோடு, அது காட்டாது விட்டதையும் கேட்டறிதல் சேகரிப்போனின் கடன்.

1966 செப்டெம்பர் 30ஆந் திகதி நாடு சுதந்திரம் பெற்றது. செரெட்சே காமா முதற் சனாதிபதியானார். அன்று, 1961ஆம் ஆண்டுப் பறவை முத்திரைகள் மீண்டும் வெளிவந்தன; ஆனால் அவற்றின்மேல் ‘பொட்சுவானாக் குடியரசு’ என ஆங்கிலத்தில் மேலச்சிடப்பட்டிருந்தது. பறவை அதே பறவை. கொண்டலாத்தியின் கொண்டையில் ஓர் இறகேனும் மாறவில்லை. ஆயினும் அது இப்பொழுது வேறொரு நாட்டின் பறவை. பிறர் திரித்து வழங்கிய பெயர் நீங்கி, சுவானா மக்கள் தம் மொழியில் தம் நாட்டை அழைக்கும் பெயர் அதன்மேல் ஏறிற்று. எறியத்தக்கதென்று சிறுவன் கருதும் முத்திரை இதுவே.

அதே நாளில் வெளிவந்த நான்கு சுதந்திர முத்திரைகளுள் 5 சத முத்திரை லோபாட்சே நகரத்து இறைச்சித் தொழிற்சாலையைக் காட்டியது. 1954இல் தொடங்கிய அத்தொழிற்சாலை அந்நாளில் நாட்டின் தலையாய தொழிலுக்கு நிலைக்களமாய் இருந்தது. அறுபதாம் ஆண்டுகளின் கொடிய வறட்சியிற் பெருந்தொகையான மாடுகள் மடிந்தமையால், புதிய அரசு உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாகவே தன் வாழ்வைத் தொடங்கிற்று.

1967 சனவரியில், தன் சொந்தப் பெயரிலேயே அச்சிட்ட பறவைத் தொடர் ஒன்றைப் பொட்சுவானா வெளியிட்டது. மீன்பிடிக் கழுகும், பாம்பைக் காலால் அடித்துக் கொல்லும் எழுத்தர் பறவையும் அதிற் காணப்படுவன. அதே ஆண்டில், ஒராப்பா என்னுமிடத்தில் வைரம் பொதிந்த பாறை கண்டுபிடிக்கப்பட்டது. மாடுகள் நீருக்கு அலைந்த அந்நாட்டின் மண்ணுக்கடியில் அச்செல்வம் கிடந்ததை, சுதந்திரக் கொடியேற்றிய நாளில் மக்கள் அறிந்திருக்கவில்லை. 1971இல் வைர அகழ்வு தொடங்கிற்று. 1974இல் வெளிவந்த தொடரிற் பறவைகள் இல்லை. கற்களும் கனிப்பொருள்களுமே இருந்தன. 20 சத முத்திரையில் வைரம் ஒளிர்ந்தது. அவ்வருவாய் பாடசாலைகளுக்கும் வீதிகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் பயன்பட்டது.

1976 ஓகஸ்டில் அக்கனிப்பொருள் முத்திரைகள்மேலும் கறுப்பெழுத்து விழுந்தது. இம்முறை அது பிறர் நாணயத்தின் பெயரன்று. பூலா, தெபே என்னும் சொந்த நாணயம் பிறந்திருந்தது. பூலா என்பது மழை. தெபே என்பது கேடயம். வறட்சியால் வருந்திய மக்கள் தம் பணத்துக்கு மழையின் பெயரை இட்டனர். 1961ஆம் ஆண்டு மேலச்சையும் 1976ஆம் ஆண்டு மேலச்சையும் அருகருகே வைத்துப் பார்ப்போருக்கு, ஒரு நாடு தன் காலில் நின்ற கதை விளங்கும்.

இத்தகைய முத்திரைகளைச் சேர்ப்போர் மனங்கொள்ள வேண்டியன சில. உறையிலிருந்து முத்திரையைப் பிய்த்தெடுத்தல் ஆகாது. உறைத்துண்டோடு வெட்டிக் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டால் தானே கழன்றுவிடும். நிறவுறைத் துண்டுகளைத் தனியே நனைத்தல் வேண்டும். இன்றேற் சாயம் பிறவற்றில் ஊறும். ஓரப் பற்களைக் கத்தரித்தல் கூடாது. தபாற்குறியில் ஊரும் திகதியும் தெளிவாய் இருப்பின், உறையை முழுமையாகவே பேணுதல் நன்று.

எல்லாவற்றினும் மேலாக, படத்தின் அழகுகொண்டு அடுக்காது, ஆண்டு முறைப்படி அடுக்குதல் வேண்டும். மாடு, பறவை, தொழிற்சாலை, வைரம் என ஏடு புரளும்போது, இடையிடையே வரும் கறுப்பெழுத்துக்கள் பழுதல்ல, அக்கதையின் திருப்பங்களே என்பது புலனாகும்.