அபராதம் குட்டி போடக் கூடாது

மாதத் தவணையில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்குகிறோம். தவணை 5,000 ரூபாய். சம்பளம் தள்ளிப்போன ஒரு மாதத்தில் பத்து நாள் கழித்துக் கட்டுகிறோம். அந்த ஐயாயிரத்துக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டி போட்டாலும் பத்து நாளுக்கு 33 ரூபாய்கூட வராது. ஒப்பந்தத்தில் ‘தாமதக் கட்டணம் ரூ.500’ என்று இருந்தாலோ, பத்தே நாளில் பத்து சதவீதம் போய்விடுகிறது. ஆண்டுக் கணக்கில் அது 365 சதவீதம்! தொகை சின்னதாகத் தெரிவதால் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

வட்டி என்பது காலத்துக்குக் கொடுக்கும் கூலி. அபராதம் என்பது வாக்குத் தவறியதற்கான தண்டம். இரண்டும் ஒரே சட்டைப்பையிலிருந்து போவதால் நமக்கு ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆனால், தாமதக் கட்டணத்தை இந்த இரண்டில் எதில் சேர்ப்பது என்பதைப் பொறுத்துக் கடன்காரரின் நிலைமையே மாறிவிடும்.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 1996-இல் உச்ச நீதிமன்றம், கிரெடிட் கார்டின் தாமதக் கட்டணமும் வட்டிதான் என்று தீர்ப்பளித்தது. தேசிய வங்கிகள் தங்கள் சொந்த மாநிலத்தின் வட்டிச் சட்டத்தை எல்லா மாநிலங்களுக்கும் கொண்டுபோகலாம் என்பது அங்குள்ள பழைய விதி. ஆகவே, வரம்பே இல்லாத மாநிலத்தில் அமர்ந்துகொண்டு, வரம்பு வைத்திருந்த மாநிலத்தின் மக்களிடமும் வங்கிகள் கட்டணத்தைக் கூட்டிக் கேட்க முடிந்தது. கட்டணம் தவறுக்கேற்ற அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 2009-இல்தான். 2024-இல் பெரிய நிறுவனங்களுக்கு 8 டாலர் என்று வைக்கப்பட்ட வரம்பும் நடைமுறைக்கு வராமலே 2025-இல் நீதிமன்றத்தில் ரத்தானது.

இந்தியா வேறு வழியில் போனது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவு இருக்கிறது. மீறினால் இவ்வளவு தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தத் தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். நல்ல பிரிவுதான். ஆனால் 500 ரூபாய்க்காக யார் நீதிமன்றப் படி ஏறுவார்கள்?

ஏறாமலே நியாயம் கிடைக்க ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் அருமை புரிய இன்னொரு கணக்கு. மாதம் 2 சதவீதம், அசலுக்கு மட்டும் வட்டி என்றால் கடன் இரட்டிப்பாக 50 மாதம் ஆகும். வட்டிக்கு வட்டி என்றால் 35 மாதமே போதும். முன்பு பல நிறுவனங்கள் ‘அபராத வட்டி’ என்று வட்டி விகிதத்தையே ஏற்றிவந்தன. தண்டமும் இந்தக் குட்டி போடும் கூட்டத்தில் சேர்ந்துகொள்ள அது வழிவிட்டது. இப்போது அது கூடாது. அபராதம் தனிக் கட்டணமாகவே நிற்க வேண்டும். அதை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி கேட்கக் கூடாது. (கடனுக்குரிய வழக்கமான வட்டி மட்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.) ஒழுங்காகக் கட்ட வைப்பதற்குத்தான் அபராதம், வருமானம் பார்ப்பதற்கு அல்ல என்று ரிசர்வ் வங்கி வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. சொந்தத் தேவைக்குக் கடன் வாங்கிய தனிநபருக்கு, அதே தவறைச் செய்த நிறுவனத்தைவிட அதிக அபராதம் போடவும் முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இந்த விதிகள் எல்லாம் நடைமுறையில் உள்ளன.

கிரெடிட் கார்டுக்கு இந்தச் சுற்றறிக்கை பொருந்தாது. அதற்கு 2022-இல் தனி விதிகள் வந்தன. கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் அபராதம். அதுவும் கட்டாமல் விட்ட தொகைக்குத்தான், மொத்த பில்லுக்கு அல்ல.

தவணைக் கடனில் கையெழுத்துப் போடும் முன் ‘முக்கிய விவர அறிக்கை’யைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் அதைத் தர வேண்டும் என்பது விதி, தமிழிலேயே கேளுங்கள். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிற்பாடு வசூலிக்க முடியாது. வசூலித்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.