கடிதம் கைக்கு வரும் முன்

பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம். வேலை கொடுக்கும் முன்னும் அப்படித்தான். “இவர் முன்பு எங்கே வேலை செய்தார்? ஆள் எப்படி?” என்று புது முதலாளி விசாரிப்பார். இதில் தவறு ஒன்றும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவரை நம்பி இயந்திரத்தை ஒப்படைக்கிறார். கடைச் சாவியை ஒப்படைக்கிறார். சிலர் வீட்டில் உள்ள குழந்தையையே ஒப்படைக்கிறார்கள்.

முன்பெல்லாம் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். இப்போது ஒரு போன் போதும். எத்தனை ஆண்டு வேலை செய்தார், என்ன வேலை செய்தார், அடிக்கடி லீவு போடுவாரா, ஏன் விலகினார் என்று கேட்பார்கள். “திரும்பி வந்தால் இவரை மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா?” என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். இந்தக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் பல முதலாளிகள் பெரிதாக நினைக்கிறார்கள்.

விசாரிப்பது சரி. ஆனால் எப்போது விசாரிக்கிறார்கள், யாரிடம் விசாரிக்கிறார்கள்? தொழிலாளிக்கு ஆபத்து வருவது இந்த இடத்தில்தான்.

போன் போன பிறகு

பெங்களூரில் பீன்யா என்ற பகுதி இருக்கிறது. அங்கே தொழிற்சாலைகள் ஏராளம். ஆயத்த ஆடை தைக்கும் கம்பெனிகளும் உண்டு. அங்கே ஒரு பெண் நான்கு ஆண்டாகத் தையல் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெருக் கம்பெனியில் மாதம் 1,500 ரூபாய் கூடக் கிடைக்கும் என்று கேள்விப்படுகிறார். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போகிறார். தைத்துக் காட்டுகிறார். வேலை அவர்களுக்குப் பிடித்துவிடுகிறது. ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள்.

விண்ணப்பத்தில் “ரெஃபரன்ஸ்” என்று ஒரு கட்டம் இருக்கிறது. விசாரிப்பதற்கு யாருடைய பெயர், போன் எண் என்று கேட்கும் கட்டம் அது. உடன் வந்த தரகர், இப்போது வேலை செய்யும் கம்பெனி சூப்பர்வைசரின் எண்ணை அதில் எழுதிவிடுகிறார். அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்.

மறுநாளே போன் போகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் கேட்கிறார்: “என்னம்மா, வேற இடம் பாத்தாச்சாமே?” அன்று முதல் அவருக்கு ஓவர்டைம் இல்லை. பழகிய இயந்திரமும் கை மாறுகிறது. “போகப் போகிற ஆள்தானே!” புதுக் கம்பெனிக்குப் போய்க் கேட்டால், “இந்த மாதம் ஆர்டர் குறைவு. பிறகு சொல்கிறோம்” என்கிறார்கள். பழைய இடத்தில் மரியாதை போயிற்று. புது இடமோ கிடைக்கவில்லை. மாதச் சீட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் அவர் என்ன செய்வார்?

புதுக் கம்பெனி அவருக்குக் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. வாய்ச்சொல் மட்டுமே கொடுத்தது. அதை நம்பி, இருக்கிற வேலையைப் பற்றி விசாரிக்க இடம் கொடுத்தாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர் அந்த ஒரு கட்டத்தைத் தாமே படித்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. தரகர் எழுதினாலும், பிள்ளைகள் எழுதிக் கொடுத்தாலும், கையெழுத்துக்கு முன் ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தால், “இந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறது? யார் எண்ணை எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதில் வெட்கம் எதற்கு?

என்ன சொல்லலாம்?

சில விண்ணப்பங்களில் “இப்போதைய முதலாளியிடம் விசாரிக்கலாமா?” என்றே ஒரு கேள்வி இருக்கும். “இல்லை” என்று எழுதலாம். அதனால் வேலை போய்விடாது. நேரில் கேட்டால் இப்படிச் சொல்லலாம்:

“சார், நான் வேலை தேடுவது அங்கே யாருக்கும் தெரியாது. இப்போது கேட்டால் எனக்குத் தொந்தரவு வரும். நீங்கள் வேலை உறுதி என்று கடிதம் கொடுங்கள். அதன் பிறகு தாராளமாக விசாரியுங்கள். அதுவரை, இதற்கு முன் வேலை செய்த இடத்தில் கேளுங்கள். எண் தருகிறேன்.”

நியாயமான நிறுவனம் இதை ஏற்றுக்கொள்ளும். அவர்களும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள்தானே? அவர்களுடைய ஆள் வேறு இடத்தில் இப்படிக் கேட்டால் அவர்களுக்கும் புரியும். “அதெல்லாம் முடியாது, இப்போதே கேட்போம்” என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சேரும் முன்பே தொழிலாளியின் கஷ்டத்தை நினைக்காதவர், சேர்ந்த பிறகு நினைப்பாரா?

முன்பு வேலை செய்த இடத்தின் எண்ணைக் கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. பழைய மேஸ்திரியோ சூப்பர்வைசரோ மேனேஜரோ, தம் வேலையை நேரில் பார்த்தவர் பெயரைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். “அண்ணே, இன்ன கம்பெனியிலிருந்து போன் வரும். நான் இரண்டு வருஷம் உங்களிடம் வேலை செய்ததைச் சொல்லுங்கள்” என்று சொல்லி வைத்தால் அவரும் தயாராக இருப்பார். திடீரென்று போன் வந்தால், “யாரு? ஞாபகம் இல்லையே” என்று சொல்லிவிடக்கூடும். அந்த ஒரு பேச்சே வேலையைக் கெடுத்துவிடும்.

சிலர் மாமன் மச்சானை மேனேஜராகப் பேச வைக்கிறார்கள். இது வேண்டாத வேலை. இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல கைவேலை தெரிந்தவருக்கும் பொய்யர் என்ற பெயர் வந்துவிடும்.

காகிதமும் பேசும்

ஆளிடம் கேட்டுத்தான் எல்லாம் தெரிய வேண்டும் என்பதில்லை. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாமே சாட்சிதான். பழைய முதலாளி கொடுத்த சர்வீஸ் சர்டிபிகேட் இருந்தால் இன்னும் நல்லது. வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப். பிடிக்கும் இடத்தில் வேலை செய்தவருக்கு 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதை யு.ஏ.என். என்பார்கள். 2014-இல் இது வந்தது. எத்தனை கம்பெனி மாறினாலும் ஒருவருக்கு ஒரே எண்தான். எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தார், எந்த மாதம் வரை பணம் கட்டப்பட்டது என்பது அதில் பதிவாகியிருக்கும். ஆகையால் இரண்டு ஆண்டை நான்கு ஆண்டு என்று கூட்டிச் சொன்னால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

விலகிய தேதி அதில் பதிவாகாவிட்டால், பழைய இடத்தில் இன்னும் வேலை செய்வது போலவே காட்டும். பழைய நிறுவனம்தான் அதைப் பதிய வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு தொழிலாளியே பதிந்துகொள்ளலாம். 2020 முதல் இந்த வசதி உண்டு.

காகிதங்களின் நகலை மட்டும் கொடுக்க வேண்டும். மூலத்தைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். “சர்டிபிகேட் எங்களிடம் இருக்கட்டும்” என்று யார் சொன்னாலும் கொடுக்கக் கூடாது. திரும்ப வாங்க அலைந்தவர்கள் நிறையப் பேர்.

பழைய முதலாளி கெட்ட வார்த்தை சொல்வார் என்று பயமா? அப்படியானால் புது இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. “சம்பளப் பாக்கி கேட்டேன், அதில் மனஸ்தாபம்” என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். திட்ட வேண்டியதில்லை. பிரசவத்துக்காக ஓர் ஆண்டு வீட்டில் இருந்தவர் அதை அப்படியே சொல்லலாம். அது குற்றமா என்ன?

எது உறுதியான கடிதம்?

“வாங்க, பார்த்துக்கலாம்” என்பது உறுதி ஆகாது. கடிதத்தில் தொழிலாளியின் பெயர், வேலை, சம்பளம், சேரும் தேதி நான்கும் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரும் பொறுப்பானவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். பிறகு கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டும். “விசாரித்ததில் திருப்தி ஏற்பட்டால்” என்று ஒரு வரி அங்கே இருக்கலாம். அப்படி இருந்தால் வேலை இன்னும் பாதிதான் உறுதி. அந்தக் கடிதத்தை நம்பி இருக்கிற வேலையை ராஜினாமா செய்யக் கூடாது. “யாரிடம் விசாரிப்பீர்கள்? எப்போது முடியும்?” என்று கேட்க வேண்டும். இருக்கிற கம்பெனியில்தான் கேட்டாக வேண்டும் என்றால், மற்றதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கேட்கச் சொல்லலாம். “எல்லாம் சரி” என்று எழுத்தில் வந்த பிறகுதான் ராஜினாமா.

எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது பழைய நியமனக் கடிதத்தில் இருக்கும். ராஜினாமாக் கடிதத்தின் நகலில், “பெற்றுக்கொண்டேன்” என்று தேதியுடன் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதே நாளில் வந்த இன்னொரு தொகுப்பு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. ஆகவே புது இடத்தில் கடிதம் கேட்பது சலுகை கேட்பது அல்ல.

காவல் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறொரு விசாரிப்பும் உண்டு. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலாளியின் நடத்தையையும் முன் வரலாற்றையும் சரிபார்த்த பிறகுதான் அவரை வேலைக்கு வைக்க வேண்டும். போலீஸ் மூலமும் இதைச் செய்வார்கள். இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. சொந்த ஊர் முகவரியைச் சரியாகக் கொடுத்தால் போதும்.

விசாரிப்புக்கு 2,000 கட்டு, 5,000 கட்டு என்று போனில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். “வேலை உறுதி, வெரிஃபிகேஷன் பணம் மட்டும் அனுப்புங்கள்” என்பார்கள். ஆளைப் பற்றி விசாரிப்பது முதலாளியின் தேவை. அந்தச் செலவும் அவருடையதே. முகம் தெரியாத ஒருவர் போனில் பணம் கேட்டால், அந்த நிறுவனத்தின் வாசலுக்கே போய், “இப்படி ஒரு வேலை இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு வரலாம். தூரம் என்றால், அந்த ஊரில் வேலை செய்யும் தெரிந்தவரை அனுப்பிக் கேட்கலாம். தொழிலாளியைப் பற்றி முதலாளி விசாரிக்கலாம் என்றால், முதலாளியைப் பற்றித் தொழிலாளியும் விசாரிக்கலாம் அல்லவா? மாதா மாதம் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, பி.எஃப். பணத்தைக் கட்டுகிறார்களா என்று மாலை ஷிப்ட் விடும் நேரத்தில் வாசலில் நின்று கேட்டால் தெரிந்துவிடும்.