முழங்கை ஆபரேஷனுக்குக் குப்புறப் படுக்க வைப்பது ஏன்?

கோவில்பட்டி வட்டாரத்தில் கைதான் சோறு போடுகிறது. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கவும், தீப்பெட்டி அடுக்கவும், ஹாக்கி மட்டை பிடிக்கவும் முழங்கை மடங்கி நீள வேண்டும்.

அடிபட்ட முழங்கை சிலருக்குப் பூட்டிக்கொள்ளும். "வாய்க்குக் கை எட்ட மாட்டேங்குதே!" என்பார்கள். மூட்டுக்குள் எலும்புத் துணுக்கு கிடந்து தடுக்கலாம். எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் சதைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு இன்னும் இறுகலாம்.

இதற்குக் கையை அகலமாகக் கிழிக்காமலே ஆபரேஷன் உண்டு. சிறு துளைகள் போட்டு, 4 மில்லி மீட்டர் தடிமனுள்ள குழாய் கேமராவை நுழைப்பார்கள்.

"சரிப்படாது" என்ற டாக்டர்!

நியூயார்க் டாக்டர் மைக்கேல் பர்மன் 1931-ல் பிணங்களில் சோதித்தார். முழங்கை மூட்டு ரொம்பக் குறுகல், இதற்குச் சரிப்படாது என்று எழுதினார். அடுத்த ஆண்டே கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஆனால் ஆபத்து இருக்கிறது. மூட்டைச் சுற்றி 3 பெரிய நரம்புகள் ஓடுகின்றன. ஒன்றில் கத்தி பட்டாலும் விரல் மரத்துப் போகலாம். மணிக்கட்டு தொங்கிப் போகலாம். அதனால்தான் எப்படிப் படுக்க வைப்பது என்பதில் இவ்வளவு கவனம்.

3 விதம்

மல்லாக்க: ஆண்ட்ரூஸ், கார்சன் என்ற அமெரிக்க டாக்டர்கள் 1985-ல் எழுதிய முறை. மயக்க டாக்டருக்கு வசதி. ஆனால் கை ஆடும்.

குப்புற: 1989-ல் போலிங் குழு எழுதியது. கை தானாகத் தொங்கும், ஆடாது. மூட்டின் பின்பக்கம் நன்றாக எட்டும். ஆனால் மூச்சுக் குழாய் நழுவக் கூடாது. கண் அழுந்தக் கூடாது. வயிறு அழுந்தாமல் இருக்க நெஞ்சுக்கு அடியில் மெத்தை கொடுப்பார்கள்.

ஒருக்களித்து: 1992-ல் ஓ'டிரிஸ்கால், மோரி எழுதியது. மெத்தை சுற்றிய கட்டை மேல் கை கிடக்கும். மூச்சுக்கும் தொல்லை குறைவு.

எந்த விதமானாலும் முழங்கையை 90 டிகிரி மடக்கி, மூட்டுக்குள் உப்பு நீர் ஏற்றுவார்கள். முன்பக்க நரம்புகள் எலும்பை விட்டு விலகும்.

மறைக்காதீர்கள்!

இடித்தால் 'ஷாக்' அடிக்குமே, அந்த உள்பக்க நரம்பு மட்டும் மூட்டை ஒட்டியே கிடக்கும். டாக்டர் மையால் அதற்குக் கோடு போட்டுக்கொள்வார். முன்பு முழங்கையில் ஆபரேஷன் நடந்திருந்தால் அந்த நரம்பு இடம் மாறியிருக்கலாம். மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கழுத்து வலி, தோள்பட்டை இறுக்கம், ஆஸ்துமா இருந்தாலும் சொல்ல வேண்டும்.

மயக்கம் தெளிந்ததும் டாக்டர் கேட்பார்: "விரலை விரிங்க, மணிக்கட்டைத் தூக்குங்க." இரண்டும் நடந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதி, தினமும் கையை மடக்கி நீட்டும் பயிற்சியில் இருக்கிறது!