கடைப் பெயர் நம்முடையது, டொமைன் யாருடையது?

(ஒலிப்பதிவு, வாசிப்பதற்கேற்பச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

போன ஆடி மாசம் காஞ்சிபுரம் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்துல சித்தப்பா வீடு, ரெண்டு தறி. காபி டம்ளரைக் கையில கொடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "டேய், நம்ம வெப்சைட் தொறக்கவே மாட்டேங்குது, என்னன்னு பாரு." ஆவணி பிறந்தா முகூர்த்தப் புடவை ஆர்டர் வரும். வெளியூர்க்காரங்க அந்த சைட் வழியாத்தான் வர்றாங்க.

பார்த்தா, டாட் காம் டொமைன் காலாவதியாகி 20 நாள் ஆச்சு. புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கு, ஆனா சித்தப்பாவுக்கு இல்ல. சைட் செஞ்சு கொடுத்த பையன் தன் பேர்ல, தன் மெயில்ல பதிவு பண்ணியிருந்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, அப்போ அது வசதியா இருந்திருக்கு. பணம் கொடுத்தது சித்தப்பாதான். ஆனா பதிவேட்டைப் பொறுத்தவரை, பதிவுதாரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கோ அவர்தான் உரிமையாளர். கடை போர்டு, ஜிஎஸ்டி சான்றிதழ் எதையும் அது பார்க்காது.

காலாவதியான டாட் காம் உடனே கைவிட்டுப் போயிடாது. நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்துல புதுப்பிக்கலாம். சில நிறுவனங்கள் அதற்குள்ளேயே ஏலத்துக்கு விட்டுடும், கவனம். நீக்கிட்டாங்கன்னா 30 நாள் மீட்புக் காலம், கூடுதல் கட்டணம் நல்லாவே வலிக்கும். அப்புறம் 5 நாள் கழிச்சு யார் வேணா எடுத்துக்கலாம்.

நல்ல வேளை, பையன் போனை எடுத்தான். "சாரி அண்ணா"ன்னு சொல்லி அன்னிக்கு சாயந்திரமே புதுப்பிச்சுட்டான். பிறகு அதே நிறுவனத்துல சித்தப்பாவுக்கு ஒரு கணக்கு திறந்து, டொமைனை அதுக்கு மாத்தினோம். வேற நிறுவனத்துக்குக் கொண்டு போக நினைச்சிருந்தா சிக்கல்: உரிமையாளர் பெயரை மாத்தினா பெரும்பாலும் 60 நாள் பூட்டு விழும்.

புதுசா பதிவு பண்றவங்க அதிகம் மாட்டுற இடம் வேற. முதல்ல, மெயில் சரிபார்ப்பு. பதிவு பண்ணதும் ஒரு லிங்க் வரும்; 15 நாளுக்குள்ள அதை அழுத்தலைன்னா டாட் காம் டொமைன் முடங்கும். நல்லா ஓடின சைட் திடீர்னு நின்னா முதல்ல ஸ்பேம் பெட்டியைப் பாருங்க. பணம் போயிடுச்சு, டொமைன் வரலைன்னா, பதறி மறுபடி பணம் கட்டாதீங்க. ஹூயிஸ் தேடல்ல அந்தப் பெயர் இன்னிக்குத் தேதியில பதிவாகியிருக்கான்னு முதல்ல பாருங்க.

அடுத்தது எழுத்து. இங்கிலீஷ்ல காஞ்சிபுரத்துக்கு ஒரு ஐ-யா, ரெண்டு ஈ-யா? காஞ்சிவரம்னா நடுவுல ஜே வேற! போன்ல கேட்டு டைப் பண்ற கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவார். முடிஞ்சா ரெண்டு வடிவத்தையும் வாங்கிடுங்க. டாட் இந்தியான்னு தமிழ்லயே வாங்கினாலும் 'ஸ்ரீ' படுத்தும். யூனிகோடில் அதை ரெண்டு விதமா எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற.

"நம்ம பேரை வேற யாராவது எடுத்துட்டா?"ன்னு சித்தப்பா கேட்டார். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு, ஆனா டொமைன் விற்கும் நிறுவனம் அதையெல்லாம் சரிபார்க்காது. முந்தினவருக்குத்தான். ஆனா வழியே இல்லைன்னு இல்ல. சென்னையின் சத்யம் இன்ஃபோவே 'சிஃபி' பெயருக்காகப் போட்ட வழக்குல, வர்த்தகப் பெயருக்குள்ள பாதுகாப்பு டொமைனுக்கும் உண்டுன்னு 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. டாட் இன் பெயர்னா கோர்ட்டுக்குப் போகாமலே, அதை நடத்தும் நிக்சியின் தகராறுத் தீர்வு முறையில் முறையிடலாம். எதிர்த்தரப்பு கெட்ட எண்ணத்தோட எடுத்ததைக் காட்டணும், அதுதான் கஷ்டம். பழைய பில், விளம்பரம் எல்லாம் பத்திரமா வெச்சுக்கோங்க.

புதுப்பிச்ச ராத்திரியே சித்தி போன்ல சைட் திறந்துச்சு. சித்தப்பா லேப்டாப்ல பழைய முகவரி தங்கியிருந்ததால மறுநாள் காலையிலதான். அதுவரைக்கும் அவர் என்னை நம்பவே இல்ல.